சுடோக்கு: ஊகிக்காதீர்கள், காரணம் சொல்லி அழியுங்கள்!



சென்ற தவணையில் ஒரு நாள், ரிங்லெட்டில் நான் பாடம் நடத்தும் படிவம் மூன்று மாணவன் ஒருவன், நாளிதழிலிருந்து கத்தரித்த சுடோக்குத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அதன் மேல் ‘கடினம்’ என்று அச்சிட்டிருந்தது. அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளின் நடுவில் ஓட்டையே விழுந்திருந்தது.

“டீச்சர், முக்கால்வாசி முடிச்சிட்டேன். கடைசி வரிசையில ரெண்டு 6 வருது. எங்க தப்புன்னு தெரியல,” என்றான்.

“எங்கேயாவது ஊகித்துப் போட்டாயா?” என்று கேட்டேன்.

“ஒரு இடத்துல 2 வரணும், இல்லன்னா 6 வரணும். 6 போட்டேன். அப்புறம் எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு.”

அந்த ‘நல்லாத்தான் வந்துச்சு’தான் ஆபத்து. தவறான ஊகம் உடனே தன்னைக் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து எண்கள் ஒழுங்காக அமைவதுபோல் தோன்றும். பிறகுதான் எங்கோ ஓர் இடத்தில் முட்டும். அதற்குள் எது உறுதியாகத் தெரிந்து எழுதியது, எது ஊகித்து எழுதியது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும். தாள் முழுவதையும் அழிக்க வேண்டியதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களில் ஒன்றை ஊகித்தால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு பாதி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஐந்து முறை ஊகித்தால், ஐந்தும் சரியாக அமையும் வாய்ப்பு 32-இல் 1 மட்டுமே.

நாளிதழ்களில் ‘கடினம்’ என்று வரும் புதிர்களுக்கு ஊகம் தேவையில்லை. கணக்கில் புலியாக இருக்கவும் தேவையில்லை. சுடோக்குவில் கூட்டலும் கிடையாது, கழித்தலும் கிடையாது. இரண்டு பழக்கங்கள் போதும். ஒன்று, வாய்ப்புகளை ஒழுங்காகக் குறித்து வைப்பது. மற்றொன்று, எந்த வாய்ப்பை அழித்தாலும் ஏன் அழிக்கிறோம் என்று காரணம் சொல்வது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

மலைச்சரிவில் ஒரு சுடோக்கு

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்பது வரிசை, ஒன்பது நிரல், மொத்தம் 81 கட்டங்கள். அவை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நிரலிலும், ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வர வேண்டும்.

இந்த விதி எதற்குப் பயன்படும் என்று கேட்டால், நம் கேமரன் மலையின் தேயிலைச் சரிவையே பதிலாகக் காட்டலாம். ஒன்பது வகை உரங்களில் எது சிறந்தது என்று சோதிக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். சரிவின் மேலே மண் அரித்துப்போயிருக்கும். கீழே ஈரம் தங்கும். ஒரு பக்கம் காலை வெயில் படும். மறுபக்கம் நிழலாக இருக்கும். முதல் உரத்தைக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் போட்டுவிட்டு, “இந்த உரம்தான் நல்ல விளைச்சல் தந்தது” என்று சொன்னால் அது நியாயமா? விளைச்சல் உரத்தால் வந்ததா, ஈரத்தால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

அதனால் நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வோர் உரமும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒருமுறை வருமாறு போடுவார்கள். இந்த அமைப்புக்கு இலத்தீன் சதுரம் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதை ஆராய்ந்தார். 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். ஏ. ஃபிஷர் இதை வயல் சோதனைகளுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஃபிஷருடன் ஆய்வு செய்த டி. ஈடன் என்பவர் பிறகு இலங்கையின் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். தேயிலை வயல் சோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றி 1931-இல் அவர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1956-இல் டபிள்யூ. யு. பெரன்ஸ் என்ற ஜெர்மானியர், வரிசை, நிரல் ஆகியவற்றோடு நிலத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு வகையும் ஒருமுறை வர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தார். அந்தப் பகுதிகளைத்தான் சுடோக்குவில் பெட்டி என்கிறோம். தம் அமைப்புக்கு அவர் வைத்த ஜெர்மன் பெயரின் பொருள் ‘நியாயமானது’ என்பது.

புதிராக இது வந்தது பிறகுதான். அமெரிக்கரான ஹாவர்ட் கார்ன்ஸ் உருவாக்கியதாகக் கருதப்படும் இப்புதிர் 1979-இல் டெல் நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்து வளர்த்தது. ‘சுடோக்கு’ என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. 2004 நவம்பரில் லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் வெளியிடத் தொடங்கிய பின் உலகமெங்கும் பரவியது.

கட்டத்துக்கு முகவரி

முதல் பழக்கத்துக்கு வருவோம். “அந்த மூலையில் இருக்கிற கட்டம்” என்று சொன்னால் யாருக்கும் புரியாது. வீட்டுக்கு முகவரி இருப்பதுபோல் ஒவ்வொரு கட்டத்துக்கும் முகவரி வேண்டும்.

வரிசைகளை மேலிருந்து கீழாக வ1 முதல் வ9 வரை எண்ணுங்கள். நிரல்களை இடமிருந்து வலமாக நி1 முதல் நி9 வரை எண்ணுங்கள். மூன்றாம் வரிசையும் ஐந்தாம் நிரலும் சந்திக்கும் கட்டம் வ3நி5. பெட்டிகளையும் நாம் படிப்பதைப் போலவே இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் பெ1 முதல் பெ9 வரை எண்ணலாம். நட்டநடுவில் இருப்பது பெ5.

ஒரு கட்டத்தோடு ஒரே வரிசையிலோ, ஒரே நிரலிலோ, ஒரே பெட்டியிலோ இருக்கும் மற்றக் கட்டங்களை அதன் ‘உறவுகள்’ என்று சொல்வோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை உறவுகள்? வரிசையில் 8, நிரலில் 8. பெட்டியிலும் 8 உண்டு. ஆனால் அவற்றில் 4 ஏற்கெனவே வரிசையிலும் நிரலிலும் எண்ணப்பட்டவை. ஆக 8 + 8 + 4 = 20. ஒரு கட்டத்தில் 7 எழுதினால், அந்த 20 உறவுகளிலும் 7 வராது. சுடோக்குவின் எல்லா உத்திகளும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை.

மூலையில் சின்ன எண்கள்

காலியான கட்டத்தில் வரக்கூடிய எண்களை ‘வாய்ப்பு எண்கள்’ என்போம். அவற்றைக் கட்டத்துக்குள் பென்சிலால் சிறியதாக எழுத வேண்டும். எழுதும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் நிலையான இடம் கொடுங்கள். கைப்பேசியின் எண்பலகையில் இருப்பதுபோல் 1, 2, 3 மேலே. 4, 5, 6 நடுவில். 7, 8, 9 கீழே. அப்படி எழுதினால் எந்த எண் இருக்கிறது என்பது மட்டுமல்ல, எந்த எண் இல்லை என்பதும் ஒரு பார்வையில் தெரியும்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. முதலாவது முழுக் குறிப்பு: எல்லாக் கட்டங்களிலும் எல்லா வாய்ப்புகளையும் எழுதுவது. இதில் எதுவும் விடுபடாது. ஆனால் நேரம் பிடிக்கும், தாளும் நெரிசலாகிவிடும்.

இரண்டாவது, உலகச் சுடோக்குப் போட்டியில் பட்டம் வென்ற அமெரிக்கர் தாமஸ் ஸ்னைடரின் பெயரால் அழைக்கப்படும் முறை. ஒரு பெட்டிக்குள் ஓர் எண் சரியாக இரண்டே கட்டங்களில்தான் வர முடியும் என்றால் மட்டும் அதைக் குறிப்பது. மூன்று இடம் இருந்தால் குறிக்கவே கூடாது. தாள் சுத்தமாக இருக்கும். ஒரு கட்டத்தில் அந்த எண் வராது என்று தெரிந்தவுடன் மற்றொரு கட்டம் தானாகவே கிடைத்துவிடும். ஸ்னைடர் முறையில் தொடங்கி, நகர முடியாமல் நின்றுவிட்டால் மட்டும் முழுக் குறிப்புக்கு மாறுங்கள் என்பதே என் ஆலோசனை.

எந்த முறையானாலும் ஒரு விதி உண்டு. ஒரு கட்டத்தில் எண்ணை உறுதியாக எழுதியவுடன், அதன் 20 உறவுகளிலும் அந்த எண்ணின் குறிப்பை அழித்துவிட வேண்டும். அழிக்க மறந்த பழைய குறிப்பும் தவறான ஊகத்தைப் போலவே உங்களைத் திசை திருப்பும்.

இரண்டே கேள்விகள்

சுடோக்குவில் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டுதான்.

முதல் கேள்வி: இந்தக் கட்டத்தில் எந்த எண் வரும்?
இரண்டாம் கேள்வி: இந்த எண் எந்தக் கட்டத்தில் வரும்?

முதல் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. வ5நி5 காலியாக இருக்கிறது. அதன் வரிசையில் 1, 4, 6 உள்ளன. நிரலில் 2, 9 உள்ளன. பெட்டியில் 3, 7, 8 உள்ளன. ஒன்பதில் எட்டு எண்கள் போய்விட்டன. மிஞ்சுவது 5. ஆகவே வ5நி5 = 5.

இரண்டாம் கேள்வி வேறு மாதிரி. ஒரு கட்டத்தில் 2, 5, 8 என்று மூன்று வாய்ப்புகள் இருக்கலாம். பார்த்தால் முடிவு சொல்ல முடியாதுபோல் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியின் மற்றக் கட்டங்கள் எதிலும் 8 வர முடியாது என்றால்? 8 எங்காவது வந்தே ஆக வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே இடம் இந்தக் கட்டம். எனவே 2-உம் 5-உம் வாய்ப்பாக இருந்தாலும் பதில் 8-தான்.

பெரும்பாலான மாணவர்கள் முதல் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நகர முடியாமல் நிற்கும்போது கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பாதிப் புதிர்கள் அங்கேயே திறந்துகொள்ளும்.

எது என்று தெரியாமலே ஓர் உண்மை

இனிமேல்தான் கடினப் புதிர்களுக்கான உத்திகள். இவை எல்லாவற்றிலும் ஒரே சூட்சுமம்: விடை இன்னதென்று தெரியாமலே, எது விடை அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பெ1-இல் 7 வரக்கூடிய இடங்கள் இரண்டே: வ2நி1, வ2நி3. எந்த இடம் என்று தெரியாது. ஆனால் இரண்டுமே இரண்டாம் வரிசையில் இருக்கின்றன. எதில் வந்தாலும் இரண்டாம் வரிசையின் 7 பெ1-க்குள் முடிந்துவிட்டது. ஆகவே வ2-இல் நி4 முதல் நி9 வரை எங்கே 7 குறித்திருந்தாலும் அழித்துவிடலாம்.

வீட்டில் அம்மா, “அண்ணனோ தம்பியோ கடைக்குப் போயிருக்கிறார்கள்” என்று சொன்னால், யார் போனார் என்று தெரியாவிட்டாலும் நீங்கள் போக வேண்டியதில்லை என்று தெரிகிறதல்லவா? அதே போலத்தான்.

இது திருப்பியும் வேலை செய்யும். ஒரு வரிசையில் 7 வரக்கூடிய இடங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தால், அந்தப் பெட்டியின் மற்ற வரிசைகளில் 7-ஐ அழிக்கலாம்.

இணைகள்: ஒரே வரிசை, இரண்டு வழி

இப்போது பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வரிசை இப்படி இருக்கிறது என வைத்துக்கொள்வோம்:

நி1: 2, 5
நி2: 3 (உறுதி)
நி3: 1, 2, 6, 7
நி4: 4, 5, 6
நி5: 8 (உறுதி)
நி6: 2, 5
நி7: 1, 5, 7
நி8: 9 (உறுதி)
நி9: 2, 4

முதல் கேள்வியோடு பாருங்கள். நி1, நி6 இரண்டிலும் வரக்கூடியவை 2, 5 மட்டுமே. ஒன்றில் 2 வந்தால் மற்றதில் 5. ஒன்றில் 5 வந்தால் மற்றதில் 2. எப்படி வந்தாலும் இந்த வரிசையின் 2-உம் 5-உம் அந்த இரண்டு கட்டங்களுக்கே சொந்தம். எனவே மற்றக் கட்டங்களில் 2, 5 ஆகியவற்றை அழிக்கலாம். நி9-இல் 2 போனால் மிஞ்சுவது 4. ஆகவே வ6நி9 = 4. நி4-இல் 5 போனது, இப்போது 4-உம் போனது, மிஞ்சுவது 6. ஆகவே வ6நி4 = 6. நி3, நி7 இரண்டிலும் 1, 7 மட்டும் மிஞ்சுகின்றன. இதை ‘வெளிப்படை இணை’ என்று சொல்லலாம்.

இப்போது அழித்ததை எல்லாம் மறந்துவிட்டு, அதே வரிசையை இரண்டாம் கேள்வியோடு பாருங்கள். 1 எங்கே வரும்? நி3, நி7 மட்டும். 7 எங்கே வரும்? அதே நி3, நி7 மட்டும். இரண்டு எண்களுக்கு இரண்டே இடங்கள். எனவே அந்தக் கட்டங்களில் வேறு எண்ணுக்கு இடமில்லை. நி3-இல் 2, 6 ஆகியவற்றையும் நி7-இல் 5-ஐயும் அழிக்கலாம். 6 வர ஒரே இடமாக நி4 மிஞ்சுகிறது. அதில் 6 வந்தபின் 4 வர ஒரே இடம் நி9. இது ‘மறைந்த இணை’. மற்ற எண்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம்.

இரண்டு வழிகளும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்ந்தன. அறிவியல் பாடத்தில் ஓர் அளவை இரண்டு முறைகளில் கண்டுபிடித்து, விடை ஒத்துப்போனால் நம்பிக்கை வருகிறதல்லவா? இங்கும் அப்படித்தான்.

இணை மூன்றாகவும் விரியும். ஒரே வரிசையில் மூன்று கட்டங்களில் 1, 4 என்றும், 4, 8 என்றும், 1, 8 என்றும் வாய்ப்புகள் இருந்தால் அவை மூவர் அணி. எந்தக் கட்டத்திலும் மூன்று எண்களும் சேர்ந்து இல்லை. ஆனாலும் 1, 4, 8 மூன்றும் அந்த மூன்று கட்டங்களுக்குள்தான் அடங்கும்.

எக்ஸ் விங்

இதுவரை ஒரே வரிசை அல்லது ஒரே பெட்டியைப் பார்த்தோம். இப்போது இரண்டு வரிசைகளைச் சேர்த்துப் பார்ப்போம்.

4 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரிசையில் 4 வரக்கூடியவை நி3, நி8 மட்டும். ஏழாம் வரிசையிலும் 4 வரக்கூடியவை அதே நி3, நி8 மட்டும். இந்த நான்கு கட்டங்களும் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள்.

இரண்டு நிலைமைகள்தான் சாத்தியம். வ2நி3-இல் 4 வந்தால், ஏழாம் வரிசையின் 4 நி3-இல் வர முடியாது; வ7நி8-இல்தான் வர வேண்டும். மாறாக வ2நி8-இல் 4 வந்தால், ஏழாம் வரிசையின் 4 வ7நி3-இல் வர வேண்டும். எப்படியானாலும் எதிரெதிர் மூலைகள் இரண்டில் 4 வரும். அந்த மூலைகளைக் கோடுகளால் இணைத்தால் பெருக்கல் குறி போன்ற வடிவம் கிடைக்கும். பெயர்க் காரணம் அதுதான்.

எந்த நிலைமை உண்மை என்று தெரியாது. ஆனால் இரண்டு நிலைமைகளிலும் மூன்றாம் நிரலுக்கும் எட்டாம் நிரலுக்கும் தலா ஒரு 4 இந்த மூலைகளிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே அந்த இரு நிரல்களின் மற்றக் கட்டங்களில் 4-ஐ அழிக்கலாம். வ5நி3-இல் 4, 9 என்று குறித்திருந்தால் 4 போய்விடும்; வ5நி3 = 9.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஓர் இடத்திலும் 4 வரக்கூடுமானால் இந்த உத்தி செல்லாது. வரிசைகளில் சரியாக இரண்டே இடங்கள் இருக்க வேண்டும், அழிப்பது நிரல்களில். நிரல்களில் இரண்டே இடங்கள் இருந்தால் அழிப்பது வரிசைகளில்.

எக்ஸ்-ஒய் விங்

இரண்டே வாய்ப்புகள் கொண்ட மூன்று கட்டங்கள் இதற்குத் தேவை. நடுவில் இருப்பதை அச்சு என்றும், மற்ற இரண்டையும் இறக்கைகள் என்றும் சொல்வோம்.

அச்சு வ2நி2: 3, 8
முதல் இறக்கை வ2நி7: 3, 5
இரண்டாம் இறக்கை வ8நி2: 5, 8

அச்சுக்கு இரண்டு இறக்கைகளும் உறவு. முதலாவது ஒரே வரிசையில், இரண்டாவது ஒரே நிரலில் இருக்கிறது. அச்சில் 3 வந்தால் முதல் இறக்கையில் 3 வர முடியாது. அங்கே 5 வரும். அச்சில் 8 வந்தால் இரண்டாம் இறக்கையில் 8 வர முடியாது. அங்கே 5 வரும். ஆக, ஏதேனும் ஓர் இறக்கையில் 5 நிச்சயம்.

இப்போது வ8நி7-ஐப் பாருங்கள். அது எட்டாம் வரிசையில் இருப்பதால் இரண்டாம் இறக்கைக்கு உறவு. ஏழாம் நிரலில் இருப்பதால் முதல் இறக்கைக்கும் உறவு. எந்த இறக்கையில் 5 வந்தாலும் இங்கே 5 வர முடியாது. வ8நி7-இல் 1, 5 என்று குறித்திருந்தால் விடை 1.

இதுவும் ஊகம்தானே?

“3 வந்தால் என்ன, 8 வந்தால் என்ன என்று பார்ப்பதும் ஊகம்தானே, டீச்சர்?” என்று வகுப்பில் கேட்டார்கள். நல்ல கேள்வி.

ஊகிப்பவர் ஒரு வழியில் மட்டும் போவார்; அது சரியாக இருக்கும் என்று நம்புவார். நாம் செய்தது வேறு. இருக்கும் வழிகள் எல்லாவற்றிலும் நடந்து பார்த்தோம். எல்லா வழிகளிலும் பொதுவாக வந்ததை மட்டும் எழுதினோம். அச்சில் 3-ஆ 8-ஆ என்று இப்போதும் நமக்குத் தெரியாது. அங்கே நாம் எதையும் எழுதவில்லை. வ8நி7-இல் 5 இல்லை என்பது மட்டும் தெரியும். அதை மட்டும் அழித்தோம். கணிதத்தில் இதற்கு நிரூபணம் என்று பெயர்.

ஆய்வுக்கூடத்திலும் இதே ஒழுக்கம்தான். தெரிந்ததை எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்க வேண்டும்.

அழித்ததற்குக் கணக்கேடு

கடினமான புதிரைத் தீர்க்கும்போது பக்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய எண்ணுக்கு = குறியும், அழித்த எண்ணுக்கு ≠ குறியும் போட்டு, அடைப்புக்குறிக்குள் காரணம் எழுதுங்கள். நாம் பார்த்த எடுத்துக்காட்டுகளை இப்படி எழுதலாம்:

வ5நி5 = 5 (மிஞ்சிய ஒரே எண்)
வ2 நி4–நி9 ≠ 7 (பெ1-இன் 7 இரண்டாம் வரிசையில்)
வ6நி9 ≠ 2 (இணை 2, 5: நி1, நி6)
வ5நி3 ≠ 4 (எக்ஸ் விங்: வ2, வ7, நி3, நி8)
வ8நி7 ≠ 5 (அச்சு வ2நி2)

வேலை கூடுதல்தான். ஆனால் எங்காவது இரண்டு 6 வந்து முட்டினால், தாள் முழுவதையும் அழிக்க வேண்டாம். ஏட்டில் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டே போங்கள். எந்தக் காரணம் பொய்யோ, அந்த வரியில்தான் தவறு. அங்கிருந்து மட்டும் திருத்தினால் போதும்.

தேடும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இரண்டு கேள்விகள். பிறகு பெட்டியும் வரிசையும் சேரும் இடங்கள். அதன்பின் இணைகள், மூவர் அணிகள். பிறகு எக்ஸ் விங். கடைசியாக எக்ஸ்-ஒய் விங். புதிதாக ஓர் எண் கிடைத்தவுடன் மறுபடியும் முதல் கேள்விக்குத் திரும்பிவிடுங்கள். எளிய வழி திறந்திருக்கும்போது கடினமான வழி எதற்கு?

எவ்வளவு கடினம் வரை?

கொடுக்கப்பட்ட எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. ஒரே ஒரு விடை உள்ள சுடோக்குவுக்குக் குறைந்தது 17 எண்களாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 16 எண்களோடு அப்படி ஒரு புதிரை அமைக்க முடியாது என்பதை அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்வயர் குழுவினர் கணினி கொண்டு எல்லாச் சாத்தியங்களையும் அலசி 2012-இல் அறிவித்தார்கள். ஆனால் 17 எண்கள் கொண்ட புதிர்களில் எளிதானவையும் நிறைய உண்டு. மாறாக, பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்டோ இன்கலா 2012-இல் வெளியிட்ட, உலகின் மிகக் கடினமானது என்று பேசப்பட்ட புதிரில் 21 எண்கள் இருந்தன. இந்தக் கட்டுரையின் உத்திகள் மட்டும் அதற்குப் போதா. கடினம் என்பது எத்தனை எண்கள் கொடுக்கப்பட்டுள்ளன என்பதில் இல்லை. அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்க எவ்வளவு நீளமான காரணம் தேவை என்பதில் இருக்கிறது.

முழுதாக நிரப்பப்பட்ட சுடோக்குகள் மொத்தம் எத்தனை தெரியுமா? 6,670,903,752,021,072,936,960. இதை 2005-இல் ஃபெல்கன்ஹவர், ஜார்விஸ் என்ற இருவர் கணக்கிட்டார்கள். 22 இலக்க எண்! அவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து ஒரே ஒன்றைப் பென்சிலும் காரணமும் கொண்டு நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். ஊகித்துப் பிடிக்க முடியுமா?

ஓட்டை விழுந்த தாளோடு வந்த மாணவனுக்கு அதே புதிரை வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள்கள் கழித்து, விடையோடு குறிப்பேட்டில் இரண்டு பக்கக் காரணங்களையும் கொண்டுவந்தான். நடுவில் ஒரு வரியை அடித்துத் திருத்தியிருந்தான். “இங்க தப்பு பண்ணிட்டேன் டீச்சர், நானே கண்டுபிடிச்சிட்டேன்,” என்று அந்த வரியைத்தான் முதலில் காட்டினான்.

பயிற்சி

1. நான்காம் நிரலில் வ3 = 1, வ6 = 9 என்பவை உறுதி. மற்றவற்றின் வாய்ப்புகள்:

வ1: 2, 4, 6
வ2: 3, 4, 7, 8
வ4: 5, 7
வ5: 2, 4, 5
வ7: 2, 3, 6, 8
வ8: 5, 6, 7
வ9: 2, 6

இதில் மறைந்த இணை எது? எந்தெந்த எண்களை அழிக்கலாம்?

2. அச்சு வ5நி5: 2, 9. இறக்கைகள் வ5நி1: 2, 6, வ4நி6: 6, 9. எத்தனை கட்டங்களில் 6-ஐ அழிக்கலாம்? (குறிப்பு: ஓர் இறக்கை அச்சின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி உறவுகளை மறக்காதீர்கள்.)

விடைகள்

1. 3, 8 இரண்டும் வ2, வ7 ஆகிய கட்டங்களில் மட்டுமே வர முடியும். ஆகவே வ2-இல் 4, 7 ஆகியவற்றையும், வ7-இல் 2, 6 ஆகியவற்றையும் அழிக்கலாம்.

2. ஐந்து கட்டங்கள்: வ4நி1, வ4நி2, வ4நி3, வ5நி4, வ5நி6. இவை ஒவ்வொன்றும் இரண்டு இறக்கைகளுக்கும் உறவு. ஐந்தையும் கண்டுபிடித்திருந்தால், அடுத்த முறை ‘கடினம்’ என்று அச்சிட்ட புதிரைப் பென்சிலோடும் குறிப்பேட்டோடும் தொடங்குங்கள்.